டைட்டானியம் காம்போசிட்டை உலையில் வைத்தால் உள்ளே என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகவியல் படிக்கும் மாணவர்களும், ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்களில் டிஐ 6-4 அலாயை, அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த டைட்டானியத்தை, எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். காம்போசிட் ஆராய்ச்சியில் கணிசமான பகுதி இதைச் சுற்றியேதான் நடக்கிறது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

டைட்டானியம் காம்போசிட் என்பது என்ன?

தாய் உலோகமாக ஒரு டைட்டானியம் அலாய். அதற்குள் அதைவிட விறைப்பான ஒரு பீங்கான் பொருள். அந்தப் பீங்கான் இரண்டு வடிவங்களில் வரும். ஒன்று, சிறு ஊசியாகவோ துகளாகவோ: டைட்டானியம் போரைடு, டைட்டானியம் கார்பைடு. இவற்றைப் பெரும்பாலும் வெளியே தயாரித்துக் கலப்பதில்லை. வேதிவினை மூலம் உலோகத்துக்குள்ளேயே உருவாக வைப்பார்கள். இரண்டாவது, நீண்ட இழையாக: சிலிக்கான் கார்பைடு.

இது ஆய்வகத்தோடு நின்றுவிட்ட சமாச்சாரம் இல்லை. 1998இல் வந்த டொயோட்டா அல்டெட்ஸா காரின் எஞ்சின் வால்வுகள் போரைடு ஊசிகள் கொண்ட டைட்டானியம் காம்போசிட்டால் ஆனவை.

வெப்பப் பதப்படுத்தலில் மாறுவது தாய் உலோகமா, உள்ளே இருக்கும் போரைடா?

மாறுவது தாய் உலோகம். போரைடு ஊசி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். திட டைட்டானியத்தில் போரான் கரைவது மிக மிகக் குறைவு. போரைடு சுமார் 2,200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். டைட்டானியமோ 1,668 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே 950 டிகிரியிலோ 1,050 டிகிரியிலோ ஒரு மணி நேரம் வைத்தால் ஊசி கரையாது, வேறு பொருளாகவும் மாறாது. அலுமினிய அலாய்களில் கரைத்து மறுபடி வீழ்படிவாக்குகிறோமே, அந்தக் கணக்கைப் போரைடுக்குப் போடக் கூடாது.

ஆனால் "அப்படியானால் சாதாரண டிஐ 6-4 அட்டவணையை எடுத்து அப்படியே பயன்படுத்தலாம்" என்று இதிலிருந்து முடிவு கட்டினால் தவறு. ஊசி மாறாமல் இருந்தபடியே, தன்னைச் சுற்றியுள்ள உலோகம் எப்படி மாறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியவைதான்.

ஆல்ஃபா, பீட்டா என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தூய டைட்டானியம் 882 டிகிரிக்குக் கீழே அறுகோண அடுக்கில் இருக்கும், அது ஆல்ஃபா. மேலே போனால் கனசதுர அடுக்குக்கு மாறும், அது பீட்டா. அலுமினியம், ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் இவை ஆல்ஃபாவைத் தாங்கிப் பிடிக்கும். வனேடியம், மாலிப்டினம், இரும்பு இவை பீட்டாவின் பக்கம். டிஐ 6-4இல் இரண்டும் இருப்பதால் அறை வெப்பநிலையில் பெரும்பகுதி ஆல்ஃபாவும் கொஞ்சம் பீட்டாவும் கலந்திருக்கும். சூடாக்க ஆக்கப் பீட்டாவின் பங்கு கூடி, சுமார் 995 டிகிரியில் முழுக்கப் பீட்டா ஆகிவிடும். இந்த எல்லைக்குப் பெயர் பீட்டா டிரான்சஸ். டைட்டானியத்தில் எந்த வெப்பச் சுழற்சியைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி, இந்தக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதுதான்.

பீட்டா டிரான்சஸுக்கு மேலே சூடாக்கினால் காம்போசிட் என்ன ஆகும்?

சாதாரண டிஐ 6-4ஐ இந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோவது என்றாலே பலருக்குத் தயக்கம். ஆல்ஃபா முழுக்க மறைந்ததும் பீட்டா கிரெய்ன்கள், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் தனித்தனிப் படிக மணிகள், வளர்வதைத் தடுக்க எதுவும் இருக்காது; 1,050 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் அவை சில நூறு மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். பெரிய பீட்டா கிரெய்ன் குளிர்ந்தால் பெரிய ஆல்ஃபா தகட்டுக் கூட்டங்களாக மாறும். அந்த அமைப்பு விரிசல் வளர்வதையும் க்ரீப்பையும் (சூட்டில் சுமையின் கீழ் மெதுவாக நீள்வது) நன்றாகத் தாங்கும். ஆனால் நீளும் தன்மையும் ஃபெட்டீக் ஆயுளும் (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் காலம்) அடிவாங்கும்.

போரைடு இருந்தால் கதை வேறு. நகர்ந்துகொண்டே வரும் கிரெய்ன் எல்லை, முள்வேலியில் மாட்டிய வேட்டி மாதிரி ஊசிகளில் சிக்கி நின்றுவிடும். ஊசிகள் எவ்வளவு சன்னமாகவும் எவ்வளவு நெருக்கமாகவும் இருக்கின்றனவோ, அவ்வளவு சின்ன அளவிலேயே கிரெய்ன் வளர்ச்சி நிற்கும். வார்ப்பிலேயே இந்த விளைவு தொடங்குகிறது: எடையில் வெறும் 0.1 சதவீதம் போரான் சேர்த்தாலே வார்ப்பு டிஐ 6-4இன் பீட்டா கிரெய்ன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உறையும்போது திரவத்தில் ஒதுங்கும் போரான் அங்கே வேலை செய்கிறது. அதன்பின் சூடாக்கும்போது காவல் காப்பது போரைடு ஊசிகள்.

இதனால் கிடைக்கும் நடைமுறை லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. காம்போசிட்டைப் பீட்டா பகுதியில் தைரியமாகச் சூடாக்கலாம், அங்கேயே ஃபோர்ஜிங்கும் (அடித்து உருவாக்குவது) எக்ஸ்ட்ரூஷனும் (அச்சின் வழியே அழுத்தித் தள்ளுவது) செய்யலாம். உலோகம் அந்தச் சூட்டில் மென்மையாக இருப்பதால் அழுத்தமும் குறைவாகப் போதும், கிரெய்னும் கையை மீறிப் போகாது. என்னைக் கேட்டால், போரைடின் பெரிய உபகாரம் விறைப்பைக் கூட்டுவது அல்ல, இதுதான்.

குளிரும்போது ஆல்ஃபா எங்கே உருவாகிறது?

சாதாரண அலாயில் முதலில் பீட்டா கிரெய்ன் எல்லைகளில் தோன்றும், பிறகு அங்கிருந்து இணைத் தகடுகளாக உள்ளே வளரும். ஒரு பீட்டா கிரெய்னிலிருந்து படிகத் திசையில் 12 விதமான ஆல்ஃபா வரலாம். ஆனால் மெதுவாகக் குளிர்ந்தால் ஒரே திசைத் தகடுகள் பெரிய கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும்.

காம்போசிட்டில் ஒவ்வொரு போரைடு ஊசியின் பக்கவாட்டும் ஆல்ஃபா முளைக்கக்கூடிய இடம். முளைக்கும் இடங்கள் பெருகுவதால் கூட்டங்கள் சின்னதாகும், தகடுகள் குட்டையாகும். ஊசியை ஒட்டிய இடத்தில் தகடே இல்லாமல் உருண்டையான ஆல்ஃபா கிடைப்பதும் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை பார்ப்பவர்கள் "இது பீட்டா டிரான்சஸைத் தாண்டவே இல்லை போலிருக்கிறதே" என்று தவறாக நினைத்துவிடுவார்கள். தாண்டியிருக்கும், ஊசிகள்தான் அமைப்பை மாற்றியிருக்கும்.

காம்போசிட்டுக்கும் பீட்டா டிரான்சஸ் அதே 995 டிகிரிதானா?

போரானால் அது பெரிதாக நகராது, ஏனெனில் போரான் தாய் உலோகத்தில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. நகர்த்துபவை வேறு இரண்டு. பவுடர் வழியில், அதாவது உலோகப் பொடியை அழுத்திச் சூட்டில் பிணைத்துச் செய்த காம்போசிட் கூடுதலாக ஆக்சிஜனை இழுத்து வைத்திருக்கும். ஆக்சிஜன் சிறிதளவு ஏறினாலே கோடு மேலே போகும். கார்பைடு காம்போசிட்டில் கரைந்த கார்பனும் அதே வேலையைச் செய்யும். எனவே புத்தக எண்ணை நம்பாமல் உங்கள் பொருளிலேயே அளந்துகொள்ளுங்கள். சின்னச் சின்னத் துண்டுகளைப் பத்து டிகிரி இடைவெளியில் சூடாக்கித் தண்ணீரில் போட்டு, எந்த வெப்பநிலையில் முதல்நிலை ஆல்ஃபா (சூட்டிலும் பீட்டாவாக மாறாமல் மிஞ்சும் ஆல்ஃபா) மறைகிறது என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நம்பகமானது குறைவு.

தண்ணீரில் குவென்ச் (திடீர்க் குளிர்வு) செய்து, பிறகு ஏஜிங் (குறைந்த சூட்டில் சில மணி நேரம் வைப்பது) செய்தால்?

எஃகு பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். டைட்டானியத்திலும் மார்டென்சைட், அதாவது திடீரெனக் குளிரும்போது அணுக்கள் பரவ நேரமில்லாமல் உருவாகும் அமைப்பு, உண்டு. ஆனால் எஃகில் கார்பன் சிறைப்பட்டு வரும் பயங்கரமான கடினத்தன்மை இதில் இல்லை, கொஞ்சம்தான் கூடும். வலிமையின் பெரும்பகுதி அடுத்த கட்டமான ஏஜிங்கில்தான் வருகிறது.

டிஐ 6-4க்கு வழக்கமான சுழற்சி இது: 955 முதல் 970 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம், உடனே தண்ணீர், பிறகு 480 முதல் 595 டிகிரியில் 4 முதல் 8 மணி நேரம். முதல் கட்டத்தில் கொஞ்சம் முதல்நிலை ஆல்ஃபா மிஞ்சும், மற்றதெல்லாம் பீட்டா. தண்ணீரில் போட்டதும் அந்தப் பீட்டா மெல்லிய ஊசி வடிவ மார்டென்சைட் ஆகும். ஏஜிங்கில் மார்டென்சைட் சிதைந்து மிக நுண்ணிய ஆல்ஃபா-பீட்டா கலவையாகும். வலிமை தருவது இந்த நுண்மை.

வெப்பநிலையை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். 850 டிகிரிக்குக் கீழிருந்து குவென்ச் செய்தால் பீட்டாவில் வனேடியம் செறிந்திருக்கும். அது மார்டென்சைட் ஆகாமல் பீட்டாவாகவே தங்கிவிடும். வெப்பநிலையை ஏற்றினால் பீட்டாவின் பங்கு கூடும், அதில் வனேடியத்தின் அடர்த்தி குறையும், மார்டென்சைட் அதிகமாகும். ஏஜிங்குக்குப் பிறகு வலிமையும் அதற்கேற்ப ஏறும், நீளும் தன்மை இறங்கும்.

காம்போசிட்டிலும் இதே வரிசைதான் நடக்கிறது. வித்தியாசம், மார்டென்சைட் ஊசிகள் ஒரு கிரெய்ன் முழுக்க ஓட முடியாமல் போரைடில் முட்டி நிற்பதால் குட்டையாக இருக்கும். இன்னொன்று, டைட்டானியம் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் உலோகம். டிஐ 6-4இல் 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போனால் நடுப்பகுதி வேகமாகக் குளிராது. அங்கே மார்டென்சைட்டை எதிர்பார்க்க வேண்டாம். முளைக்கும் இடங்களைக் கூட்டிவைத்திருக்கும் காம்போசிட்டில் ஆல்ஃபா இன்னும் சுலபமாக உருவாகும் என்பதால், உலையிலிருந்து தொட்டிக்குப் போகும் அந்தச் சில நொடிகளில் அலட்சியம் கூடாது.

அப்படியானால் காம்போசிட்டை ஏஜிங் செய்வது லாபமா?

வலிமைக்கு லாபம்தான். சாதாரண டிஐ 6-4இன் இழுவலிமை அனீல் செய்த (சூடாக்கி மெதுவாகக் குளிரவிட்ட) நிலையில் 900 முதல் 1,000 மெகாபாஸ்கல் என்றால், ஏஜிங்குக்குப் பின் 1,100ஐச் சுற்றி வரும். காம்போசிட்டிலும் அந்தத் திசையில்தான் ஏற்றம். ஆனால் காம்போசிட்டில் நீளும் தன்மை முதலிலேயே குறைச்சல். அதில் இன்னும் கொஞ்சத்தைச் செலவழிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஊசிகள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். ஒரே சீராகப் பரவிய ஊசிகளோடு பவுடர் வழியில் செய்த பல காம்போசிட்டுகள் பொறுபொறுவென்று உடைந்தன. சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தில் வேறு வழியைப் பிடித்தார்கள். பெரிய டிஐ 6-4 பவுடர் மணிகளின் மேல் நுண்ணிய டைபோரைடை (போரைடைவிடப் போரான் கூடிய டைட்டானியம் சேர்மம், வினையில் போரைடாக மாறும்) ஒட்டவைத்து, 1,200 டிகிரியில் அழுத்திப் பிணைத்தார்கள். போரைடு மணிகளுக்கு இடையே மட்டும் வலைபோல் அமையும், மணியின் உள்பகுதி சுத்த அலாயாகவே இருக்கும். வலை விறைப்பைத் தரும், உள்பகுதி நீண்டு கொடுக்கும்.

இப்போது இதை குவென்ச் செய்து ஏஜிங் செய்தால் என்ன நடக்கும்? வலை மாறாது. நீண்டுகொடுத்துக்கொண்டிருந்த உள்பகுதிதான் கடினமாகும். இந்த வடிவமைப்பு எந்த மென்மையை நம்பி உருவானதோ, அதையே வெப்பச் சுழற்சி எடுத்துக்கொள்கிறது. வால்வு, ஃபாஸ்டனர் போன்றவற்றுக்கு அது ஏற்கத்தக்க பேரமாக இருக்கலாம். அடி தாங்கவேண்டிய பாகத்துக்கு என்றால் நான் அனீலோடு நிறுத்திக்கொள்வேன்.

மைக்ரோஸ்கோப்பில் ஊசிக்குப் பதிலாகத் தடித்த கட்டிகள் தெரிகின்றன. அவை என்ன?

பெரும்பாலும் வினை முடியாத டைபோரைடு. டைட்டானியமும் டைபோரைடும் சேர்ந்து போரைடாகும் வினைக்கு நேரமும் சூடும் போதவில்லை என்று அர்த்தம். பீட்டா பகுதியில் நீண்ட நேரம் வைத்தால் மிச்சமும் மாறும். "போரைடு மாறாது" என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு இல்லை. அது டைபோரைடு, இது போரைடு. டைட்டானியம் மிகுந்திருக்கும் இடத்தில் டைபோரைடு நிலையானது அல்ல, அவ்வளவுதான். பகுதி வினையோடு பாகத்தைச் சேவைக்கு அனுப்பினால், அது சூடான இடத்தில் வேலை செய்யும்போது உள்ளே மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும்.

கார்பைடு காம்போசிட்டும் இதேபோலத்தானா?

இல்லை. கார்பைடு உருகுநிலை 3,000 டிகிரிக்கும் மேல். ஆனால் கரையும் விஷயத்தில் போரைடைவிட இளகிய மனது. ஆல்ஃபா டைட்டானியம் எடையில் அரை சதவீதம் அளவுக்குக் கார்பனைக் கரைத்துக்கொள்ளும். சுமார் 920 டிகிரியில் பீட்டாவும் கார்பைடும் வினைபுரிந்து ஆல்ஃபாவாகும் ஒரு மாற்றமும் உண்டு. இந்தக் கோட்டைக் கடந்து மேலும் கீழும் போய்வந்தால் கார்பைடின் ஓரங்கள் கரைந்து மறுபடி படியும். வார்ப்பில் மரக்கிளை வடிவில் இருக்கும் கார்பைடு உருண்டு திரளும். கிளையின் கூர்முனைகள் விரிசலுக்கு வாசல் என்பதால் உருளுவது நல்லதே.

சிலிக்கானும் உலோகமும் சேர்ந்த சிலிசைடு இன்னும் ஒரு படி மேலே. சிலிக்கான் சேர்த்த உயர்வெப்ப அலாய்களில் அது சூட்டில் கரைந்து ஏஜிங்கில் நுண்ணியதாக மறுபடி வரும். அலுமினிய அலாய்க்காரர்களுக்குப் பழக்கமான கதை கடைசியில் இங்கேதான் பொருந்துகிறது.

சிலிக்கான் கார்பைடு இழை போட்ட டைட்டானியத்தை ஹீட் ட்ரீட்மென்ட் செய்யலாமா?

மிகுந்த எச்சரிக்கையோடு. போரைடு தாய் உலோகத்தோடு சமாதானமாக வாழும், சிலிக்கான் கார்பைடு வாழாது. பிரபலமான எஸ்சிஎஸ்-6 இழை சுமார் 140 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது. அதன் மேல் 3 மைக்ரோமீட்டர் அளவில் கார்பன் மிகுந்த பூச்சு இருக்கும். சூட்டில் டைட்டானியம் இந்தப் பூச்சைத் தின்று கார்பைடு அடுக்காக மாற்றும். பூச்சு தீர்ந்ததும் இழையையே தாக்கி, நொறுங்கும் தன்மையுள்ள சிலிசைடை உருவாக்கும். இழையின் வலிமை சரசரவென்று விழும். அடுக்கின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. வெப்பநிலைக்கு அதைவிடப் பயங்கரமான பதில்: கொஞ்சம் ஏற்றினாலே வேகம் மடங்குகளாகும். இழைகளையும் உலோகத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் முதல் கட்டமே 900 டிகிரிக்கு மேல் நடப்பதால், பூச்சில் ஒரு பகுதி அப்போதே செலவாகியிருக்கும்.

இத்தகைய இழைகளுக்குத் தாய் உலோகமாக, அமெரிக்காவின் எக்ஸ்-30 விண்வெளி விமானத் திட்டத்துக்காக பீட்டா-21எஸ் என்ற அலாயை உருவாக்கினார்கள். மெல்லிய தகடாக உருட்ட முடிவதும், சூட்டில் ஆக்சிஜனைத் தாங்குவதும் அதன் பலம். திட்டம் 1993இல் கைவிடப்பட்டது, அலாய் மட்டும் வேறு வேலைகளுக்குப் பிழைத்துக்கொண்டது.

ஸ்ட்ரெஸ் ரிலீஃப் (தகைவு நீக்கச் சூடாக்குவது) செய்தால் உள்தகைவு, அதாவது உள்ளே தங்கிய இழுவிசை, போய்விடுமா?

மெஷினிங், வெல்டிங் விட்டுச்சென்ற தகைவு போகும். இழைக்கும் உலோகத்துக்கும் இடையிலான தகைவு போகாது. சிலிக்கான் கார்பைடு, டைட்டானியத்தின் பாதி அளவுக்கே சூட்டில் விரியும். உலையில் தளர்ந்த தகைவு, குளிரும்போது அப்படியே திரும்பி வந்துவிடும். போரைடின் விரிவு டைட்டானியத்துக்கு நெருக்கமானது, அங்கே இந்தத் தலைவலி சின்னது.

3டி பிரின்டிங்கில் செய்த காம்போசிட்டுக்குத் தனிச் சுழற்சி வேண்டுமா?

வேண்டும். லேசர் பவுடர் முறையில் உருகிய குளம் அசுர வேகத்தில் உறைவதால் தாய் உலோகம் அச்சிட்ட நிலையிலேயே மார்டென்சைட்டாக இருக்கும். தனியே குவென்ச் தேவைப்படாது. போரைடும் நானோ அளவு இழைகளாகக் கிடைக்கும். இவ்வளவு சன்னமான போரைடு 900 டிகிரிக்கு மேல் மெல்லத் தடிக்கும். எனவே, சீக்கிரம் வேலையை முடிக்கும் குறைந்த வெப்பநிலையைத் தேடுவதுதான் இங்கே புத்திசாலித்தனம்.

உலையில் கவனிக்க வேண்டியவை?

காற்று. 550 டிகிரிக்கு மேலே டைட்டானியம் ஆக்சிஜனை உள்ளே உறிஞ்சி, ஆல்ஃபா கேஸ் எனப்படும் நொறுங்கும் தோலைப் போர்த்திக்கொள்ளும். வாக்குவமோ சுத்தமான ஆர்கானோ வேண்டும். அது இல்லையென்றால் பிறகு தோலைச் சீவவோ, அமிலத்தில் கரைக்கவோ இடம் விட்டுத்தான் பாகத்தைச் செய்ய வேண்டும்.

கைரேகை. வியர்வையில் உள்ள உப்பு சூட்டில் டைட்டானியத்தில் விரிசல் விழ வைக்கும். சுத்தம் செய்தபின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. குளோரின் கலந்த கரைப்பான்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் கூடை. உலைக்கூடைகள் பெரும்பாலும் நிக்கல் அலாய். டைட்டானியமும் நிக்கலும் தொட்டுக்கொண்டிருந்தால் 942 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உருவாகும். 960 டிகிரியில் வாக்குவத்துக்குள் வைத்துவிட்டு வந்தால், திறக்கும்போது பாகமும் கூடையும் ஒட்டி வழிந்திருக்கும். நடுவே பீங்கான் தகடு வையுங்கள்.

சுழற்சி சரியாக நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கடினத்தன்மை எண் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். அழுத்தும் முனை ஒரு போரைடுக் கொத்தின் மேல் விழுந்தால் ஒரு எண், சுத்த அலாய் மேல் விழுந்தால் வேறு எண். எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷனும் ஓரளவுக்குத்தான் உதவும்: ஆல்ஃபாவுக்கும் மார்டென்சைட்டுக்கும் அடுக்கு ஒன்றுதான், கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். போரைடு, டைபோரைடு இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க அது நல்லது.

துண்டை மெருகேற்றி, கிரால் கரைசலால் (நீரில் கலந்த ஹைட்ரோஃப்ளூரிக், நைட்ரிக் அமிலங்கள்) எட்ச் செய்து, அதாவது மேற்பரப்பை லேசாக அரித்து, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடங்களிலாவது பாருங்கள். ஓரத்தில் மார்டென்சைட்டும் நடுவில் தகட்டு ஆல்ஃபாவும் இருந்தால் குவென்ச் உள்ளே எட்டவில்லை. எக்ஸ்ட்ரூஷன் செய்த பொருள் என்றால் நீளவாட்டில் ஒரு வெட்டும் வேண்டும். ஊசிகள் அந்தத் திசையில் படுத்திருக்கும், சில உடைந்து துண்டுகளுக்கிடையே பொந்து விழுந்திருக்கும். அந்த உடைசலை எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டாலும் ஒட்டவைக்க முடியாது. சூட்டோடு வாயு அழுத்தமும் தரும் ஹிப் உலையில் வைத்தால் பொந்து மூடலாம், ஊசி இரண்டு துண்டாகவேதான் இருக்கும்.